மரியரட்ணத்தின் ஐந்து கதிரைகள்

மன்னாரில் பஸ் கொண்டக்ரராக இருந்த மரியரட்ணத்துக்கு நாற்பது வயது வரை தனிமை என்றால் என்னவென்று தெரியாது. வீட்டில் மனைவி விக்ரோரியாவும் ஐந்து பிள்ளைகளும். வேலையில், மன்னாருக்கும் வவுனியாவுக்கும் இடையே ஏறி இறங்குகிற சனம் முழுவதும். யார் வீட்டில் கலியாணம் பேசுகிறார்கள், யாருடைய மாடு வாய்க்காலுக்குள் விழுந்தது என்பதெல்லாம் ரிக்கெற் கிழித்துக் கொடுக்கிற நேரத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். பஸ்ஸில் கூட்டம் குறைந்த நாள்களில்தான் அவருக்குக் களைப்பாக இருக்குமாம். அப்படி விக்ரோரியா சொல்வார்.

அப்படிப்பட்ட மனிதரைக் கொண்டுபோய் ஹெசல்பெக்கில் விட்டார்கள்.

எண்பத்தைந்தில் அந்தப் பாதையில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்கத் தொடங்கியிருந்தார்கள். இறக்கியவர்களில் சிலர் திரும்ப ஏறவில்லை. விக்ரோரியா தன் நகைகளை விற்று அவரை அனுப்பிவைத்தார். கிழக்கு பெர்லின் வரை விமானம், அங்கிருந்து ரயிலும் கப்பலுமாக டென்மார்க். முகாமில் ஒரு வருடம் இருந்தார். அகதியாக ஏற்றுக்கொண்டோம் என்ற கடிதம் வந்ததும், ரண்டர்ஸ் நகரத்திலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளியிருந்த அந்தச் சின்ன ஊரில், கொம்யூன் என்கிற உள்ளூராட்சி அவருக்கு ஒரு வீடு கொடுத்தது. அது வீடும் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில், முந்தி தலைமை ஆசிரியர் குடியிருந்து இப்போது காலியாகக் கிடந்த இரண்டு அறைகள்.

ஹெசல்பெக்கில் ஒரு தெரு. தெருவின் ஒரு முனையில் வெள்ளைத் தேவாலயம், மறு முனையில் கூட்டுறவுக் கடை, நடுவில் பள்ளிக்கூடமும் செங்கல்லால் கட்டிய ஊர் மண்டபமும். சுற்றிவரப் பன்றிப் பண்ணைகள், பார்லி வயல்கள். ஆட்கள் நல்லவர்கள், ஆனால் கதைக்க மாட்டார்கள். எதையாவது மிகவும் பிடித்துவிட்டால் “மோசமில்லை” என்பார்கள். அதற்கு மேல் ஒரு பாராட்டை அந்த ஊரில் யாரும் கேட்டதில்லை.

மரியரட்ணம் காலையில் ஒரு போத்தல் பால் வாங்கக் கடைக்குப் போவார். மத்தியானம் நெருப்புப் பெட்டி வாங்கப் போவார். பின்னேரம் காலையில் வாங்கியிருக்க வேண்டிய பாணை வாங்கப் போவார். கடைக்காரி மிச்சக்காசு தரும்போது “தக்” என்று நன்றி சொல்வதைக் கேட்பதற்காகத்தான் அவ்வளவும். அந்த மாரிகாலத்தில் அவர் வீட்டில் சேர்ந்த நெருப்புப் பெட்டிகளைக் கொண்டு ஒரு கிராமத்தையே கொளுத்தியிருக்கலாம்.

மார்கழியில் ஒரு மாலை கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் வாசல் அளவுக்கு ஒரு மனிதன் நின்றான். கார்ல் ஓவ, பன்றிப் பண்ணைக்காரன், ஊர் மண்டபக் குழுவின் தலைவன். கரண்டியால் சாப்பிடுவதுபோல் கையைக் காட்டி, மண்டபப் பக்கம் தலையை ஆட்டினான். மரியரட்ணம் சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

மண்டபத்தில் நீள மேசைகள். வாட்டிய பன்றியிறைச்சி, உருளைக்கிழங்கு, மண்ணிறக் குழம்பு. கதைக்கவே காசு கேட்பவர்கள்போல் இருந்த சனம், சாப்பாடு முடிந்ததும் புத்தகத்தைத் திறந்து ஒன்றாகப் பாடத் தொடங்கியது. ஒரு பாட்டல்ல, பத்துப் பாட்டு. பிறகு கார்ல் ஓவ அவர் பக்கம் திரும்பி, “இனி நீ” என்றான்.

மரியரட்ணத்துக்குப் பாட்டு வராது. கோயிலில்கூட வாயை மட்டும் அசைப்பவர். ஆனால் அவ்வளவு சனம் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும் பழைய உற்சாகம் தொற்றிக்கொண்டது. எழுந்து, ஒரு கையால் மேலே இல்லாத கம்பியைப் பிடித்தபடி, தனக்குத் தெரிந்த ஒரே ராகத்தில் இழுத்தார்.

“தள்ளாடீ... உயிலங்குளம், முருங்கன், முருங்கன்! மடு றோட்டு இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ! செட்டிகுளம்... வவுனியா, வவுனியா, வவுனியா!”

மண்டபம் அதிர்ந்தது. மேசையைத் தட்டினார்கள். திரும்பப் பாடச் சொன்னார்கள். மறுநாள் காலை அவர் கண்விழித்தபோது கீழே பள்ளிக்கூட முற்றத்தில் பிள்ளைகள் வரிசையாக ஒருவர் தோளை ஒருவர் பிடித்து ஓடிக்கொண்டு “முருங்கன்! முருங்கன்!” என்று கத்துவது கேட்டது.

அதன் பிறகு அவர் ஊர்க்காரர் ஆனார். மாசியில் பிள்ளைகள் வேடம் போட்டுப் பீப்பாயை அடித்து உடைக்கும் நாளில் பீப்பாயைக் கட்டித் தூக்கியது அவர். ஆனி மாதத் திருநாளில் குளத்தடியில் மூட்டும் நெருப்புக்கு விறகு சேர்த்தது அவர். கடைசியில் அந்த நெருப்புப் பெட்டிகளும் செலவாகின. கீழே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த இங்கர் என்ற ஆசிரியை, ரண்டர்ஸில் மொழி வகுப்பு இல்லாத நாள்களில் அவரை இரண்டாம் வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார விட்டார். முழங்காலை மடக்க இடமில்லாமல் பக்கவாட்டில் இருந்துகொண்டு, ஏழு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து டெனிஷ் வாசித்தார் மரியரட்ணம். எழுத்துப் பிழை விட்டால் பிள்ளைகள் திருத்துவார்கள்.

இத்தனைக்கும் நடுவில், விக்ரோரியாவையும் பிள்ளைகளையும் கூப்பிட அவர் கொடுத்த விண்ணப்பம் கோப்பன்ஹேகனில் கிடந்தது. முதலில் சில மாதங்கள் என்றார்கள். எண்பத்தேழில் ஒப்பந்தம் வந்து இந்திய அமைதிப்படை இறங்கியதும், இலங்கையில் இனிச் சண்டை இல்லை, தமிழர் குடும்பங்களின் விண்ணப்பங்கள் காத்திருக்கட்டும் என்று நீதி அமைச்சு சத்தமில்லாமல் நிறுத்தி வைத்தது. குடும்பத்தைக் கூப்பிடுவது சட்டப்படி அகதிகளுக்கு உள்ள உரிமை என்பதும், அதை நிறுத்தியது பிழை என்பதும் பிறகுதான் வெளியே வந்தன. அப்போது மரியரட்ணத்துக்குத் தெரிந்தது ஒன்றுதான். எப்போது கேட்டாலும் “பரிசீலனையில் இருக்கிறது” என்றார்கள். பிள்ளைகளின் படம் ஒன்று சுவரில் இருந்தது. கடைசிப் பையன் ஜெசிந்தன் அதில் தாயின் இடுப்பில் இருந்தான். அந்தப் படத்தைப் பார்க்காமல் தேத்தண்ணி குடிப்பதற்காக அவர் கதிரையை யன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்.

எண்பத்தெட்டுத் தொடக்கத்தில் ஊரின் தலையில் ஓர் இடி விழுந்தது. பிள்ளைகள் போதவில்லை, வருகிற கோடையோடு ஹெசல்பெக் பள்ளிக்கூடத்தை மூடி, இருப்பவர்களைப் பக்கத்து ஊருக்கு பஸ்ஸில் அனுப்பப் போகிறோம் என்று கொம்யூன் அறிவித்தது.

ஊர் மண்டபத்தில் கூட்டம். இங்கர் முன்னால் நின்று, ஐந்தாறு பிள்ளைகள் கூடினால் காப்பாற்றலாம் என்று விளக்கினார். எல்லோரும் மெதுவாகத் திரும்பி, புதிதாகக் கலியாணம் முடித்திருந்த ஒரு சோடியைப் பார்த்தார்கள்.

“இப்ப பிறந்தாலும் பள்ளிக்கூடம் போக ஆறு வருசம் செல்லும்” என்றான் அந்தப் பையன், காது சிவக்க.

அப்போது பின்வரிசையிலிருந்து மரியரட்ணம் இரண்டாம் வகுப்பு வழக்கத்தில் கையை உயர்த்தினார்.

“என்னட்டை அஞ்சு பேர் இருக்கினம்” என்றார் டெனிஷில்.

எல்லோரும் இப்போது அவர் பக்கம் திரும்பினார்கள்.

“எங்கை?” என்றான் கார்ல் ஓவ.

“மன்னாரிலை.”

“அப்ப கூட்டிக்கொண்டு வாவன்.”

“விடுகினமில்லை.”

“ஏன்?”

“எனக்கும் தெரியாது. கேட்டால் பொறுக்கச் சொல்லுகினம்.”

ஒன்றரை வருடம் தங்கள் பிள்ளைகளின் தலைக்கு மேலே குடியிருந்த மனிதருக்கு ஐந்து பிள்ளைகள் இருப்பது அந்த ஊருக்கு அன்றுதான் தெரிந்தது. அவர்கள் கேட்கவில்லை, கேட்பது மரியாதையில்லை என்று நினைத்திருந்தார்கள். ஒரு கிழவர் எழுந்து, பள்ளிக்கூடத்துக்காக ஒரு மனிதனின் பிள்ளைகளை இப்படி எண்ணுவது வெட்கக்கேடு என்றார். மரியரட்ணம் அவசரமாக எழுந்தார்.

“இல்லை, ஐயா. எண்ணுங்கோ. இந்த நாட்டிலை என்ரை பிள்ளையள் வேணுமெண்டு ஒருத்தரும் இவ்வளவு நாளும் சொல்லேல்லை. நீங்கள்தான் முதல்முதல் சொல்லுறியள்.”

அதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்த கடைக்காரி தன் கோப்பித் தட்டில் இருந்த கேக்கை அவர் தட்டுக்கு மாற்றினாள்.

ஹெசல்பெக் கோபப்பட்டால் சத்தம் போடாது, வேலை தொடங்கும். ஊரே கையெழுத்துப் போட்டு அமைச்சுக்கு எழுதியது. பதில் வந்தது: பரிசீலனையில் இருக்கிறது. திரும்ப எழுதினார்கள். திரும்ப அதே பதில். சித்திரையில் கார்ல் ஓவ ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்தான்.

“எழுதினால் விளங்குதில்லை. போய்க் கேப்பம்.”

வகுப்பறையிலிருந்து ஐந்து சின்னக் கதிரைகளை எடுத்து, பிள்ளைகள் அவற்றின் முதுகில் பெயர்களை எழுதினார்கள்: மேரிசெலின், யோசேப், மரியதாஸ், லூர்து, ஜெசிந்தன். மேரிசெலினுக்கு மஞ்சள், ஜெசிந்தனுக்குச் சிவப்பு. காலையில் பஸ்ஸில் கதிரைகளை ஏற்றிவிட்டு ஊரே ஏறியது. கூட்டத்தில் வெட்கக்கேடு என்ற கிழவரும் ஏறினார். கோபம் தீரவில்லை, ஆனால் மனைவி இரண்டு இடம் சொல்லி வைத்துவிட்டாள்.

அந்தப் பயணத்தைப் பற்றி மரியரட்ணம் இன்றைக்கும் கண் மின்னக் கதைப்பார். கிழவிகள் வெண்ணெய் பூசின பாண் பொதிகளைக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். இடையில் கடலைத் தாண்டும் கப்பலில் ஏறியதும் ஆண்கள் பியர் வாங்கினார்கள். பாட்டு, அதற்கு மேல் பாட்டு. பின்படியில் நிற்க இடமில்லாத சொகுசு பஸ் அது. ஆனாலும் அவர் உட்காரவில்லை. முன்னும் பின்னும் நடந்து யார் சாப்பிட்டது, யாருக்குத் தலைசுற்று என்று பார்த்துக்கொண்டே கோப்பன்ஹேகன் வரை நின்றபடி போனார்.

அமைச்சின் வாசலில் ஐந்து கதிரைகளையும் வரிசையாக வைத்தார்கள். ஒரு இளம் அதிகாரி இறங்கி வந்தார். மரியாதையானவர். எல்லாவற்றையும் கேட்டார்.

“விண்ணப்பம் பரிசீலனையில்...” என்று அவர் தொடங்கியதும் ஊர் முழுவதும் ஒரே குரலில் மிச்சத்தைச் சொல்லி முடித்தது. அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“கதிரைகளை இங்கே விட முடியாது” என்றார் கொஞ்சம் கழித்து.

“விடமாட்டம்” என்றான் கார்ல் ஓவ. “பள்ளிக்கூடத்துக் கதிரை. திரும்பக் கொண்டுபோகோணும். சாப்பிட்டிட்டுப் போறம்.”

கால் நொந்த கிழவிகள் சின்னக் கதிரைகளில் அமர்ந்து மிச்சப் பாணைச் சாப்பிட்டார்கள். அதை ஒரு பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். மறுநாள் பேப்பரில், மேரிசெலின் என்று எழுதிய கதிரையில் கடைக்காரி முள்ளங்கி கடித்துக்கொண்டிருந்தாள்.

அதனால் அமைச்சின் மனம் மாறவில்லை. ஆனால் பேப்பரைப் பார்த்த கொம்யூனுக்குக் கூச்சம் வந்தது. ஒரு வருடம் பொறுக்கிறோம் என்றது. கதிரைகள் இங்கரின் வகுப்பில் சுவரோரம் வரிசையாக நின்றன. யாரும் அவற்றில் இருக்கக்கூடாதென்று பிள்ளைகளே சட்டம் போட்டார்கள்.

எண்பத்தொன்பதில் கோப்பன்ஹேகன் பாராளுமன்றத்தில் இதைப் பற்றிக் கேள்விகள் எழுந்து, கட்டிவைத்த விண்ணப்பங்களை அவிழ்க்க வேண்டி வந்தது. மரியரட்ணத்தின் குடும்பத்துக்கு விசா கிடைத்தது. ஆடி மாதம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், ரண்டர்ஸ் ஸ்ரேசனில் அவர் பூங்கொத்தோடு நின்றார். பூங்கொத்து கடைக்காரியின் வேலை. பக்கத்தில் கார்ல் ஓவவும் இங்கரும்.

விக்ரோரியா முதலில் இறங்கினார். மெலிந்திருந்தார். அவருக்குப் பின்னால் இறங்கிய பெண் மேரிசெலின் என்று விளங்க மரியரட்ணத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதற்குப் பின்னால் யோசேப், மேலுதட்டில் மீசை அரும்பி, தகப்பனைவிட ஒரு விரல் உயரத்தில். ஜெசிந்தன் தாயின் கையைப் பிடித்து இழுத்தான்.

“அம்மா, இந்த ஆள் ஏன் அழுறார்?”

“அது உன்ரை அப்பா.”

“அப்பா எங்கடை வீட்டுப் படத்திலை சிரிச்சுக்கொண்டெல்லோ நிண்டவர்?”

மரியரட்ணம் அழுதபடியே சிரித்தார். ஜெசிந்தன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டு, பூங்கொத்தை வாங்கிக்கொண்டான்.

கார்ல் ஓவ யோசேப்பை மேலும் கீழும் பார்த்தான். இங்கரிடம் திரும்பி, “இவன் எத்தினையாம் வகுப்பு?” என்றான் மெதுவாக.

இங்கர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். ஹெசல்பெக் பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு முடிகிறது. நாலு வருடம் காத்திருந்ததில் மேரிசெலினும் யோசேப்பும் அந்தப் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வகுப்பறையைத் திறந்து காட்டினார்கள். யோசேப் தன் பெயர் எழுதிய கதிரையில் இருந்து பார்த்தான். முழங்கால் இரண்டும் நாடிக்கு வந்தன. எல்லோரும் சிரித்தார்கள், யோசேப்பும் சிரித்தான். விக்ரோரியா மட்டும் அந்தக் கதிரையின் முதுகை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இஞ்சேருங்கோ, இதை ஆர் எழுதினது?”

“இஞ்சத்தைப் பிள்ளையள்.”

“என்ரை பிள்ளையின்ரை பேரையோ?”

“ஓம். நீர் வாறதுக்கு முதலே உம்மடை பிள்ளையளை முழு ஊருக்கும் தெரியும்.”

அன்றைக்கு இராச்சாப்பாட்டுக்கு விக்ரோரியா, வந்த களைப்போடு, கார்ல் ஓவவையும் இங்கரையும் இருத்திவைத்துச் சோறு போட்டார்.

ஆனாலும் கணக்கு உதைத்தது. ஐவர் என்று சொல்லி மூவர். ஆவணியில் கொம்யூன் ஆட்கள் வந்து பார்ப்பார்கள். மண்டபக் குழு கூடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. மரியரட்ணம் எழுந்து, “நான் ரண்டர்ஸுக்குப் போட்டு வாறன்” என்றார்.

அந்த ஞாயிறு ரண்டர்ஸில் தமிழ்ப் பூசை முடிந்து சனம் தேத்தண்ணியோடு நின்ற நேரம், அவர் ஒரு வாங்கில் ஏறி நின்றார். பூசைக்கு வந்த கத்தோலிக்கர்களோடு, தேத்தண்ணிக்கும் கதைக்கும் வருகிற சைவக்காரரும் அங்கே இருப்பார்கள்.

“எங்கடை ஊரிலை வீடு சும்மா கிடக்குது! பள்ளிக்கூடம் வாசலிலை! ஆர் வாறியள்?”

“எங்கடை ஊரோ?” என்று யாரோ சிரித்தார்கள். “அண்ணை மன்னாருக்கோ கூப்பிடுறார்?”

“ஹெசல்பெக்குக்கு!”

ஆனந்தராஜாவும் ராசமலரும் யாழ்ப்பாணத்துக்காரர். இரண்டு பிள்ளைகளோடு மூன்றாம் மாடியில், மாவு அரைத்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். ஆனந்தராஜா யோசித்தார். ராசமலருக்கு விருப்பமில்லை.

“சனமில்லாத காட்டுக்கை போய் என்னண்ணை செய்யிறது?”

“பிள்ளை, ஒருக்கா வந்து பார். பிடிக்கேல்லையெண்டால் அடுத்த பஸ்ஸிலை திரும்பு.”

வந்தார்கள். கார்ல் ஓவவின் தாய் இருந்து இறந்த வீட்டைத் திறந்து காட்டினார்கள். ராசமலர் அறைகளை முகம் கொடாமல் பார்த்தார். பின்வாசலைத் திறந்ததும் நின்றுவிட்டார். தோட்டத்தில் ஒரு கண்ணாடி வீடு. உள்ளே கிழவி விட்டுப்போன தக்காளிச் செடிகள், யாரும் தண்ணி ஊற்றாமலே காய்த்துக் கிடந்தன.

“இதுக்கை மிளகாய் வருமோ?” என்று கேட்டார் ராசமலர்.

மரியரட்ணம் மொழிபெயர்த்தார். கார்ல் ஓவ நெடுநேரம் யோசித்து, “வராமல் விடாது” என்றான். ஹெசல்பெக் வழக்கத்தில் அது சத்தியம் செய்து கொடுத்த மாதிரி.

அவர்களைப் பார்த்து இன்னொரு குடும்பமும் வந்தது. ஆவணியில் கொம்யூன் ஆட்கள் வந்தபோது வகுப்பறை நிறைந்திருந்தது. எண்ணிப் பார்த்துவிட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போனார்கள். பள்ளிக்கூடம் தப்பியது.

விக்ரோரியா முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தார். கணவரைப்போல் அவர் சளசளவென்று கதைப்பவரில்லை. அதனால் அந்த ஊருக்கு அவரை இன்னும் பிடித்துவிட்டது. ஆனால் அவர் சிரிப்பது குறைவு. நாலு வருடம் சண்டைக்குப் பயந்து ஐந்து பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மடுவுக்கும் மன்னாருக்கும் அலைந்தவர். மரியரட்ணம் என்ன பகிடி விட்டாலும் ஒரு புன்னகை, அவ்வளவுதான். அது மரியரட்ணத்துக்கு உள்ளூர ஒரு குறையாகவே இருந்தது.

ஊர் ஆண்களுக்கு மாரிகாலத்தில் உடற்பயிற்சிக் குழு ஒன்று உண்டு. பங்குனியில் மண்டபத்தில், வெள்ளைக் காற்சட்டையோடு, பியானோவுக்கு ஏற்றபடி குதித்துக் காட்டுவார்கள். மரியரட்ணம் சேர்ந்துவிட்டார். தொண்ணூற்று மூன்று தை மாதம் அப்படி ஒரு பயிற்சி நாளில் அவர் நாலு காலில் நின்றுகொண்டிருக்க, கார்ல் ஓவ ரேடியோச் செய்தி கேட்டுவிட்டு ஓடி வந்தான்.

“மரி! அரசாங்கம் விழுந்திட்டுது! உங்கடை குடும்பங்களை மறிச்ச விசயத்திலை!”

“என்னாலையோ?” என்றார் மரியரட்ணம், நிமிராமல்.

“உங்கள் எல்லாராலையும்.”

“நான் ஒண்டும் செய்யேல்லை. நான் ரண்டர்ஸுக்கும் இஞ்சைக்கும்தானே ஓடித் திரிஞ்சனான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு மூக்கைத் துடைத்தார். “சரி, ஆர் என்ரை முதுகிலை ஏறுறது?” என்றார். பயிற்சி தொடர்ந்தது.

பங்குனியில் மண்டபம் நிரம்பி வழிந்தது. விக்ரோரியா முன்வரிசையில் ராசமலருக்குப் பக்கத்தில். ஜெசிந்தன் வகுப்புத் தோழர்களோடு தரையில் இருந்து டெனிஷில் கத்தினான். டென்மார்க் கொடியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், பியானோ தொடங்கியது. கிழட்டு ஆண்கள் வரிசையாக ஓடி வந்து, முன்னால் வைத்திருந்த மரப்பெட்டியைத் தாண்டிக் குட்டிக்கரணம் அடித்தார்கள். ஐம்பதை எட்டிப்பிடிக்கும் வயதில் மரியரட்ணமும் ஓடி வந்தார். பெட்டியைத் தாண்டினார். கரணமும் அடித்தார். ஆனால் நேராக அல்ல. பாயை விட்டு விலகி, பார்வையாளர் பக்கம் உருண்டு வந்து, ராசமலரின் காலடியில் சப்பணம் கட்டியபடி உட்கார்ந்தார்.

“வாங்கோ அண்ணை” என்றார் ராசமலர்.

அவ்வளவுதான். விக்ரோரியாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் அழுகிறார் என்று நினைத்து மரியரட்ணம் பயந்துபோனார். பிறகுதான் பார்த்தார்: வாயைப் பொத்திய கைலேஞ்சியையும் மீறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். மேரிசெலினும் யோசேப்பும் தாயை அதிசயமாகப் பார்த்தார்கள். பியானோக்காரி நிறுத்திவிட்டாள்.

“இன்னொருக்கா” என்றார் விக்ரோரியா, மூச்சு வாங்க. பிறகு முழு மண்டபத்துக்கும் கேட்கும்படி டெனிஷிலும் சொன்னார்: “இன்னொருக்கா!”

மரியரட்ணம் எழுந்து, காற்சட்டையை இழுத்துவிட்டு, ஓட்டம் தொடங்குகிற இடத்துக்குத் திரும்ப நடந்தார்.